நேர்கோடே இல்லாத ராஜ்யம்

இல்லம்மா, அதத் தட்டாதீங்க. அது இப்போ கதவு இல்ல, மலை. இப்படிச் சுத்தி வாங்க, சமையல் ரூம் வழியா. பாத்து, குழாய் பக்கம் வழுக்கும். மெதுவா வாங்க, ஒண்ணும் அவசரமில்ல. இந்த வீட்டுல அவசரப்பட்டா தண்டனை. அது என்னன்னு அப்புறம் சொல்றேன்.

வெளியில பாத்தா கதவு மாதிரிதான் தெரியும். இப்போ உள்ளேர்ந்து பாருங்க. தாழ்ப்பாள் மேல பனி. பூட்டு மேல பாறை. கைப்பிடி இருக்கிற இடத்துல ஒரு ஆடு நிக்குது பாருங்க, நல்லாக் கொழுத்த ஆடு. போன வாரம்தான் எங்க வீட்டுக்காரரு மலைய வரைஞ்சு முடிச்சாரு. நான் வேலை முடிஞ்சு வந்து சாவியப் போட்டா, சாவி திரும்புது, கதவு நகரல. இடுக்குலயெல்லாம் பெயிண்டப் பூசி, அது காஞ்சு, கதவும் நிலையும் ஒட்டிப் போச்சு. உள்ளேர்ந்து குரல் குடுக்கிறாரு, சுத்தி வா, இந்தப் பக்கம் ஏற முடியாதுன்னு. ரொம்ப உபகாரம்னு சொல்லிட்டு சுத்தி வந்தேன். கையில காய்கறிப் பை வேற.

உக்காருங்க. அது வேணாம், அதுல ஈரம் இருக்கும், இந்த நாற்காலியில. டீ தரேன். சர்க்கரை? சரி, கொஞ்சமாப் போடுறேன். படம் பாக்கணும்னு வந்திருக்கீங்க, எல்லாத்தையும் காட்டித்தான் அனுப்புவேன், நான் கடைக்குக் கிளம்ப இன்னும் நேரமிருக்கு. வர்றவங்களுக்கு அவரே விளக்கம் சொல்லுவாருன்னு ஆரம்பத்துல நினைச்சேன். அவரா? வாயத் தொறக்கணுமே. அதனால இந்த ராஜ்யத்துக்கு வழிகாட்டி, வரவேற்பு, டீ எல்லாம் நான்தான். சம்பளம் கிடையாது, மரியாதையும் கிடையாது.

அவரு உள்ள இருக்காரு, அந்தக் கோடி ரூம்ல. இருங்க, அங்க கடைசியாப் போலாம். முதல்ல ஹால்.

எங்க வீட்டுக்காரர் ரயில் ஓட்டினவரு. அது தெரியும்ல உங்களுக்கு? தெரிஞ்சிருக்கும், போன்ல வர்ற இந்தச் சுவர் போட்டோவுக்குக் கீழயே போட்டிருக்கே. ரெண்டு வருஷமா வேலைக்குப் போகல. ரெண்டு வருஷமா வாசப்படியும் தாண்டல. ஓவியமெல்லாம் படிச்சவரு இல்லம்மா. அதுக்கு முன்னாடி வாழ்க்கையிலயே ஒரே ஒரு படம்தான் வரைஞ்சிருக்காரு, பக்கத்து வீட்டுக் குழந்தை கேட்டுச்சேன்னு ஒரு யானை. அது பாக்க தையல் மெஷின் மாதிரி இருந்துச்சு. குழந்தை அழுதுக்கிட்டே போச்சு. அந்த மனுஷன் இப்போ ஒரு தேசத்துக்கே படைப்புக் கடவுள். எப்படி இருக்கு?

ரயிலுக்கு ஸ்டியரிங் கிடையாதுன்னு உங்களுக்குத் தெரியுமா? எனக்குக் கல்யாணமான புதுசுல தெரியாது. வளைவுல எப்படித் திருப்புவீங்கன்னு கேட்டேன், விழுந்து விழுந்து சிரிச்சாரு. திருப்புறதுக்கு ஒண்ணுமே இல்லியாம். வேகத்தக் கூட்டலாம், குறைக்கலாம், ஹாரன் அடிக்கலாம், அவ்ளோதான். முன்னாடி ரெண்டு கம்பி கிடக்குது, அது போற எடத்துக்கு நீயும் போ. அப்படியே பல வருஷம் ஓட்டின மனுஷன் போட்ட ரோட்டப் பாருங்க. இந்தச் சுவர் முழுக்கத் தேடி ஒரே ஒரு நேர் ரோடு காட்டுங்க, பாப்போம். கிடையாது. எல்லாம் ஜிலேபி சுத்தின மாதிரி. இந்த ஊர்ல ஒருத்தி பக்கத்து வீட்டுக்கு உப்பு கேட்டுப் போனான்னு வைங்க, குன்றச் சுத்தி, குளத்தச் சுத்தி, அவ வீட்டையே ரெண்டு தடவ சுத்தி, அப்புறம்தான் போய்ச் சேருவா. அதுக்குள்ள அடுப்புல வச்சது கரிஞ்சு போயிருக்கும். ஏங்க, ஒரு ரோடாவது நேராப் போட்டா என்னன்னு கேட்டேன். நேராப் போனா ஒதுங்க முடியாதுன்னாரு. சொல்லிட்டு இன்னொரு வளைவு போட்டாரு.

கலரப் பத்தி எல்லாரும் கேப்பாங்க. நீங்க கேக்கல, பரவால்ல, நானே சொல்றேன். நான் பெயிண்ட், ஆணி, பைப்பு விக்கிற கடையில பில் போடுறேன். கேட்ட கலர் வரலன்னு ஜனங்க திருப்பிக் கொண்டாந்து வைக்கிற டப்பா பின்னாடி மலை மாதிரி குவிஞ்சு கிடக்கும். முதலாளி எடுத்துட்டுப் போன்னாரு. அதான் இந்த மலை ரோஸ் கலர்ல இருக்கு. யாரோ ஒரு அம்மா பெட்ரூமுக்குக் கேட்டு, பல்பொடி மாதிரி இருக்குன்னு வீசிட்டுப் போனது. அந்த ஊதா ஆறு ஒரு பள்ளிக்கூடத்துக்குக் கலந்தது. ஒரு பத்திரிகைக்காரரு வந்து பாத்துட்டு, கலைஞரோட வண்ணத் தேர்வுல ஒரு ஆழ்ந்த ஏக்கம் தெரியுதுன்னு எழுதினாரு. ஏக்கமுமில்ல ஒண்ணுமில்ல, ஊர்க்காரங்க வேணாம்னது.

டீ சூடா? கையிலயே வச்சுக்குங்க, ஆறினதும் குடிங்க.

இந்த ஜனங்களப் பாருங்க. இந்த நாட்டுப் பிரஜைங்க. காதப் பாருங்க ஒவ்வொண்ணுக்கும். முறம் மாதிரி. கைக்குழந்தைக்குக் கூட ரெண்டு பக்கமும் தட்டு மாட்டின மாதிரி காது. இந்தக் கிழவர் காது தரையில புரளுது, அத ரெண்டு பேர் பின்னாடி தூக்கிட்டு வர்றாங்க. கல்யாணம் பேசணும்னாக்கூட இங்க பொண்ணுக்குக் காதுதான் பாப்பாங்களாம். அவரு சொல்லல, நானா நினைச்சுக்கிட்டேன். இப்படி ஒரு நாட்டுல உக்காந்துக்கிட்டு நிம்மதியா ஒரு வம்பு பேச முடியுமா? மூணு ஊருக்குக் கேட்டுடும். ஆனா அவருக்கு அதான் வேணும். மூணு ஊருக்கு அந்தாண்ட சத்தம் வந்தாலும் எல்லாருக்கும் கேக்கணும். கேட்டு, ஒதுங்கிடணும்.

இங்க வாங்க, நடையில. சுவர்ல உரசாம வாங்க. இது எனக்குப் புடிச்ச எடம், வெளியில சொல்லிடாதீங்க. ஆறு ஓடுது. இந்தச் சின்னப் பையன் கரையில கைய ஒசத்திக்கிட்டு நிக்கிறான். அவ்ளோதான், ஆறு நின்னுடுச்சு. தண்ணி அப்படியே சுவர் மாதிரி நிக்குது, அதுக்குள்ள மீனும் நிக்குது. அவன் கடந்து போனப்புறம்தான் ஓடும். இங்க எல்லாமே அப்படித்தான். யாராவது கைய ஒசத்தினா காத்து நிக்கும், மேகம் நிக்கும், பறக்கிற கொக்கு அந்தரத்துல நிக்கும். நம்ம ஊர்ல நான் பஸ்ஸுக்குக் கைய ஒசத்தினா எவன் நிறுத்துறான்?

கடிகாரம் கிடையாது. சூரியனும் சந்திரனும் அந்த மூலையில ஒண்ணா உக்காந்து ஏதோ பேசிக்கிட்டு இருக்காங்க. அவசரப்படுறவனுக்குத் தண்டனைன்னேன்ல, இந்தா, இவன்தான். மரத்தடியில உக்கார வச்சிருக்காங்க. அந்த மரம் காய்க்கிற வரைக்கும் எந்திரிக்கக் கூடாது. மரத்தப் பாத்தீங்கல்ல? விதை இப்போதான் முளை விட்டிருக்கு.

எனக்கா? எனக்கும் எடம் குடுத்திருக்காரு, குடுக்காம இருப்பாரா. அந்த நிலைக்கு மேல பாருங்க. பறவை. வாயப் பொளந்துக்கிட்டு கத்துது பாருங்க, அது நான்தானாம். இத்தன பெரிய நாட்டுல, ராணி இருக்கா, அவ தோழிங்க இருக்காங்க, யானை மேல போறவ இருக்கா, நான் மட்டும் வாய் மூடாத ஒரு பறவை. ஒரு வாரம் அவரோட பேசல. அப்புறம் பாத்தா அதுக்கும் ஒண்ணும் பலன் இல்ல, அவரு கவனிக்கவே இல்ல. நான் பேசாம இருந்ததால நான்தான் கஷ்டப்பட்டேன்.

வீட்டு ஓனர் வந்தாரு ஒரு நாள். சுவரையெல்லாம் நாசம் பண்ணிட்டீங்க, உடனே காலி பண்ணுங்கன்னு தெருமுனையிலேர்ந்தே கத்திக்கிட்டு வந்தாரு. உள்ள வந்தாரு. ஹால்ல நின்னாரு. நடையில போனாரு. அந்த ஆத்துக்கு முன்னாடி ரொம்ப நேரம் நின்னாரு. அப்புறம் மெதுவா வந்து கேக்கிறாரு, ஏம்மா, இதுல எனக்கு ஒரு வீடு போடச் சொல்லுங்களேன், மாடி வீடான்னு. போட்டாரு இவரும். இதோ, பாலத்துக்குப் பக்கத்துல, மொட்டை மாடியில நின்னு வாடகை வசூல் பண்ண யாரும் இல்லாம முழிச்சுக்கிட்டு நிக்கிறாரே, அவருதான். அவருக்கு ஒரே பெருமை. பேரன் பேத்தியெல்லாம் கூட்டிட்டு வந்து காட்டினாரு. காலி பண்ற பேச்சே எடுக்கல.

டாக்டரும் வந்தாரு. மனசுக்குப் பாக்கிறவரு, ஆபீஸ்லேர்ந்து அனுப்பினாங்க. எல்லாத்தையும் பாத்துட்டு என்னத் தனியாக் கூப்பிட்டு, இந்த உலகம் உங்க கணவரோட மனசு தனக்குக் கட்டிக்கிட்ட ஒரு அடைக்கலம்மா, அவருக்குள்ள நடக்கிற போராட்டம்தான் இப்படி வெளியில வந்திருக்குன்னாரு. சரிங்க டாக்டர், எனக்குள்ளயும் தினம் நடக்குது, நான் எந்தச் சுவர்ல வரையறதுன்னு கேட்டேன். சிரிச்சாரு. அப்புறம் இந்த மிருகத்தக் காட்டினாரு. வாங்க, இது முக்கியம்.

பாத்தீங்களா? மலை உச்சியில படுத்திருக்கு. உடம்பு நீளம், மரவட்டை மாதிரி காலு. நகரவே மாட்டேன்னு சத்தியம் பண்ணிட்டுப் படுத்திருக்காம். முதுகுல குருவிங்க கூடு கட்டிடுச்சு. ஜனங்க ஏணி போட்டு ஏறி அதுக்குத் தலை சீவி விடுறாங்க, சோறு ஊட்டுறாங்க. கண்ணுல துணி கட்டியிருக்கு. டாக்டர் சொன்னாரு, அதான்மா ரயிலு. நான் சொன்னேன், டாக்டர், அந்த மூக்கப் பாருங்க. அந்த மூக்கு பக்கத்துல படுத்துத்தான் இத்தன வருஷம் குறட்டையில தூங்காம கிடந்திருக்கேன். அது ரயிலு இல்ல, அவரேதான்.

அதுக்கு ஏன் கண்ணக் கட்டியிருக்குன்னா, அது டாக்டருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். உங்களுக்குச் சொல்லலாமா வேணாமான்னுதான் யோசிக்கிறேன். உக்காருங்க, இந்தப் பெஞ்சுல. ரொம்ப நேரம் நிக்க வேணாம்.

அன்னிக்குக் காலைல வண்டி கொஞ்சம் லேட்டு. அவரு தப்பு இல்ல, முன்னாடி ஒரு சரக்கு வண்டி வழிவிடல. நேரத்தப் புடிங்கன்னு மேலேர்ந்து சொன்னாங்க, சட்டப்படி போகக்கூடிய வேகம்தான், போனாரு. ஒரு வளைவு, அது தாண்டினா நீளமா நேர்ப்பாதை. அங்க ஜனங்க குறுக்கால நடந்து போறது வழக்கம். தூரத்துல ஒரு பொண்ணு தண்டவாளத்துல. ஹாரன் அடிச்சாரு. திரும்பல. விடாம அடிச்சாரு. திரும்பல. பிரேக்கப் போட்டாரு. அவ்ளோ பாரம் நெனச்ச எடத்துல நிக்காதும்மா, அது பாட்டுக்கு வழுக்கிட்டே போகும். அந்த நேரம் பூரா டிரைவர் என்ன பண்ணணும்னு நினைக்கிறீங்க? ஒண்ணும் பண்ணக் கூடாது. பண்றதுக்கு ஒண்ணும் மிச்சமில்ல. முன் கண்ணாடிக்குப் பின்னாடி உக்காந்து பாக்கணும்.

கடைசியில அந்தப் பொண்ணு திரும்பிச்சாம். இவரு முகத்தப் பாத்துட்டாரு. பாத்ததும் கண்ண இறுக்க மூடிக்கிட்டாரு. நான் கண்ண மூடிட்டேன், நான் பாத்திருக்கணும், கண்ண மூடிட்டேன்னு அன்னிக்கு வீட்டுக்கு வந்து சொன்னாரு. அதத் தவிர அதப் பத்தி ஒரு வார்த்த இன்னிக்கு வரைக்கும் சொன்னதில்ல. கை கால் கழுவினாரு, சாப்பிட்டாரு, ஜன்னல் கம்பிக்கு அடிச்சு மீந்த பெயிண்ட் டப்பா ஒண்ணு கிடந்துச்சு, அத எடுத்துக்கிட்டுக் கோடி ரூமுக்குப் போயிட்டாரு. நான் போய்ப் பாத்தா சுவர்ல ஒரே ஒரு சுழி போட்டு வச்சிருக்காரு. பாதை. எங்கயும் போகாத பாதை.

மறுநாள் அவரோட அசிஸ்டென்ட் தம்பி வந்தான். வண்டியில இவரு பக்கத்துல உக்காந்திருந்தவன். அவன் கண்ணத் தொறந்துதான் வச்சிருந்தான். அண்ணி, அந்தப் பொண்ணு கடைசி நொடியில பக்கவாட்டுல பாஞ்சுடுச்சு, இன்ஜின் படி தட்டி காலுலயும் இடுப்புலயும் பலமான அடி, ஆனா உயிரோட இருக்கு, நானே ஆஸ்பத்திரியில விசாரிச்சிட்டு வர்றேன்னான். இத அவர்கிட்டயும் சொல்லுடான்னேன். அவன் உள்ள போய் இவர்கிட்டயும் சொன்னான். இவரு பொறுமையாக் கேட்டுட்டு, நீ ரொம்ப நல்லவன்டான்னு அவன் தோளத் தட்டிக் குடுத்துட்டு, திரும்பச் சுவர் பக்கம் திரும்பிட்டாரு.

நம்பலம்மா. சுத்தமா நம்பல. நான் சொன்னா, நீ இதச் சொல்லலன்னாதான் ஆச்சரியம்கிறாரு. ஆபீஸ்லேர்ந்து பெரியவரு ஒருத்தர் பழக்கூடையோட வந்து சொன்னாரு. அவருக்கு வண்டி ஓட்ட ஆள் வேணும், வேற என்ன சொல்லுவாருன்னுட்டாரு. டாக்டர் சொன்னா, அது மருந்தாம். ஊர்ல ஒருத்தன் உண்மை பேசினா அது இவருக்கு மட்டும் தாலாட்டு. எல்லாரும் சேந்து நாடகம் போடுறோமாம். இந்த மூஞ்சிக்கு நாடகம் போட எங்களுக்கு வேற வேலை இல்ல பாருங்க.

சரின்னு நான் ஆஸ்பத்திரிக்கே போனேன். ஒரு போட்டோ எடுத்துட்டு வந்து மூஞ்சிக்கு நேரா நீட்டினா அப்போ என்ன சொல்லுவாருன்னு பாப்போம்னு. வார்டு வாசல்ல நின்னேன். அந்தப் பொண்ணு தூங்கிக்கிட்டு இருந்துச்சு. காலத் தூக்கிக் கட்டியிருந்தாங்க. பக்கத்துல அவங்கம்மா, ஸ்டூல்ல உக்காந்தபடியே, கட்டில் கம்பியில தலைய வச்சுத் தூங்கறாங்க. பையிலேர்ந்து போன எடுத்தேன். எடுத்துட்டு உள்ள வச்சிட்டேன். அடிபட்டுக் கிடக்கிற பொண்ண, தூங்கும்போது, கேக்காம எப்படிம்மா எடுக்கிறது? அடுத்த வாரம் கேட்டுக்கிட்டே எடுப்போம்னு போனா, கட்டில்ல வேற ஆள். வீட்டுக்குப் போயாச்சாம். விலாசம் குடுக்க மாட்டாங்களாம், விதியாம். அவங்க விதியும் அப்படி நேரா ரெண்டு கம்பியில போகுது.

அதுக்கப்புறம் இந்த நாடு வளர ஆரம்பிச்சுச்சு. கோடி ரூம் நிறைஞ்சு நடைக்கு வந்துச்சு, நடையிலேர்ந்து ஹாலுக்கு. முதல்ல எனக்கும் பரவால்லன்னுதான் இருந்துச்சு, ஏதோ மனுஷன் கைய அசைக்கிறாரேன்னு. நான்தானே டப்பா டப்பாவாக் கொண்டாந்து குடுத்தேன். ஆனா இப்போ ஜன்னல் கண்ணாடிக்கெல்லாம் காடு வந்துடுச்சு, பகல்ல லைட்டு போடுறேன். வாசலுக்கு மலை வந்துடுச்சு. நேத்து இந்தச் சமையல் ரூம் கதவுக்கிட்ட நின்னு கையால சாண் போட்டு அளந்துக்கிட்டு இருந்தாரு. என்னங்க பண்றீங்கன்னேன். இங்க கடல் வரும்னாரு. அது எவ்ளோ சாதாரணமாச் சொன்னாருங்கிறீங்க, காய்கறிக்காரர் வருவாருன்னு சொல்ற மாதிரி. கடலும் வந்துடுச்சுன்னா நான் எப்படி வேலைக்குப் போறது, நீந்தியா? ஒண்ணு நான் வெளியில நிக்கணும், இல்லைன்னா நானும் பெரிய காதோட உள்ள உக்கார வேண்டியதுதான். ராத்திரியெல்லாம் அதையே யோசிச்சேன்.

டீ ஆறிப் போச்சு பாருங்க. ஒரு வாய் கூடக் குடிக்கல நீங்க.

படம் பாக்க வந்தவங்க நிறையப் பேரப் பாத்துட்டேன்மா. கிட்டப் போய்ப் பாப்பாங்க, தொடாதீங்கன்னா தொடுவாங்க, காதுக்காரங்க பக்கத்துல நின்னு போட்டோ எடுத்துப்பாங்க. நீங்க வந்ததுலேர்ந்து அந்த ரூம் கதவத்தான் பாத்துக்கிட்டு இருக்கீங்க. ஹாரன் அடிச்சாருன்னு நான் சொன்னப்போ கண்ண மூடிக்கிட்டீங்க.

எந்திரிக்காத. உக்காரு. இனிமே என்ன நீங்க நாங்கன்னு. குழாய்கிட்ட நீ கால ஊனி வந்தப்பவே தெரிஞ்சுபோச்சு எனக்கு. அதுக்கும் முன்னாடி, முகத்தப் பாத்தப்பவே. தூங்கும்போது பாத்த முகம்தான், கொஞ்சம் உடம்பு தேறியிருக்க. அம்மா எப்படி இருக்காங்க?

நல்லது. நல்லா இருக்கட்டும்.

போன்ல நீ பாத்த போட்டோ, அத எடுத்துப் போட்டதே நான்தான். கடையில கூட வேலை பாக்கிற பொண்ணுகிட்டச் சொல்லி, ரயில் டிரைவர் வீட்டுச் சுவர்னு எழுதச் சொல்லி, ஊரு தெரு எல்லாம் போடச் சொன்னேன். உன்ன எங்கன்னு போய்த் தேடுறது? ஊரே இந்த வீட்டுக்கு வரட்டும், அதுல ஒருத்தி நீயா இருக்க மாட்டியான்னு ஒரு நப்பாசைதான். எத்தன பேருக்கு டீ போட்டிருக்கேன் தெரியுமா? சுவர இடிச்சு அப்படியே பேத்து வாங்கிக்கிறேன்னு கூட ஒரு ஆள் வந்தான். நீ மட்டும் வரல. இன்னிக்கு வந்து மலையப் போட்டுத் தட்டிக்கிட்டு நிக்கிற.

இவ்ளோ நேரம் ஏன் பேசினேன்னா, நீ ஓடுறியா இருக்கிறியான்னு பாத்தேன். பாதியில எந்திரிச்சுப் போயிருந்தா நான் தடுத்திருக்க மாட்டேன், சத்தியமா. உன்மேல கோவம் இல்லைன்னு சொன்னா அது பொய். நெறைய இருந்துச்சு. தினம் சோத்தப் போட்டுட்டு அந்த முதுகப் பாக்கும்போதெல்லாம் உன்ன ரெண்டு வார்த்த திட்டாம நான் சாப்பிட்டதில்ல. ஆனா அதுவும் ஒரு பழக்கமாப் போயி, நடுவுல எங்கயோ, அந்தப் பொண்ணுக்கு இந்நேரம் கட்டு பிரிச்சிருப்பாங்களா, நடக்குதா என்னன்னு கேக்க ஆரம்பிச்சுட்டேன். யாருகிட்ட கேக்கிறது? எனக்கு நானே.

நீ சொல்ல வேணாம். சத்தம் கேக்கலையா, கேட்டும் நின்னியான்னு நான் கேக்கல. அது உன்னோட நாடு, அங்க எனக்கு என்ன வேலை. என்னிக்காவது யார்கிட்டயாவது சொல்லணும்னு தோணினா வா, இந்தப் பெஞ்சு இங்கதான் இருக்கும். நான் நல்லாப் பேசுவேன்னுதான் உனக்குத் தெரியும். கேக்கவும் தெரியும் எனக்கு.

அழாத. அழுது முடிச்சிட்டுப் போலாம். ஒண்ணும் அவசரமில்ல.

ஒண்ணே ஒண்ணு கேட்டுக்க. உள்ள போய் மன்னிப்பு கின்னிப்புன்னு ஆரம்பிச்சிடாத. நீ ஆரம்பிச்சா அவரும் ஆரம்பிப்பாரு, ரெண்டு பேரும் மாத்தி மாத்திக் கேட்டுக்கிட்டு உக்காந்தா நான் எப்போ கடைக்குப் போறது, முதலாளிக்கு யாரு பதில் சொல்றது? கதவுக்கு அந்தாண்ட போய் கொஞ்ச நேரம் நில்லு. அந்த ரூம்ல இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நட. நொண்டினா நொண்டி நட, அதுக்கென்ன. அவரு பாக்கட்டும். நாங்க இத்தன பேரு வாயால சொல்லி ஆகாதத உன் காலு சொல்லிட்டுப் போகட்டும்.

வா. முந்தானைய வேணா புடிச்சுக்க. நான் வாசல்லயே நின்னுக்கிறேன்.

என்னங்க. ஏங்க, கூப்பிடுறேன்ல, அந்தப் பிரஷ்ஷக் கீழ வைங்க. உங்களப் பாக்க ஆள் வந்திருக்கு. இல்ல, ஆபீஸ் இல்ல. டாக்டரும் இல்லைங்க. யாருன்னு நான் சொல்லணுமா? நான் சொல்லி நீங்க எத நம்பினீங்க இந்த ரெண்டு வருஷமா? நான் ஒண்ணும் சொல்லப் போறதில்ல. சும்மா திரும்பிப் பாருங்க. கண்ண மூடாமப் பாருங்க.

நடந்துதான் வந்திருக்கா.